அம்மாவுக்கு டிவி வாங்கணும்: செட்டாப் பாக்ஸ் இல்லாம டிடி ஃப்ரீ டிஷ் வர்ற டிவியை எப்படி பாத்து எடுக்குறது?

கரிசல்மண்:

எல்லாருக்கும் வணக்கம். டிவி விஷயம் தெரிஞ்சவங்க கொஞ்சம் வழி சொல்லுங்க. அம்மா கோவில்பட்டி பக்கம் கிராமத்துல தனியா இருக்காங்க, வயசு 71. நான் திருப்பூர்ல வேலை, மாசத்துக்கு ஒரு தடவைதான் போக முடியுது. வீட்டுல இருந்த பழைய டப்பா டிவி போன மாசம் மொத்தமா போயிருச்சு. கேபிளும் சரியில்ல, எங்க வீடு தெரு கடைசி, காத்தடிச்சா ஒயர் அந்துரும், ஆள் வந்து பாக்க நாலு நாள் ஆகும், ஆனா மாசம் பொறந்தா காசு மட்டும் கரெக்டா குடுக்கணும். அதனால கேபிளை நிறுத்திட்டு டிடி ஃப்ரீ டிஷ், அதான் தூர்தர்ஷனோட மாசக் காசு இல்லாத டிஷ் டிவி, அதைப் போட்டுரலாம்னு முடிவு பண்ணிட்டேன்.

அம்மா பாக்குறது நியூஸ், கோயில் விசேஷம், பழைய பாட்டு அவ்ளோதான். சீரியல் பக்கமே போக மாட்டாங்க. டிடி தமிழ் வந்தா போதும், இன்னமும் அவங்க அதை பொதிகைன்னுதான் சொல்றாங்க.

சிக்கல் எங்கன்னா ரிமோட்ல. கண்புரை ஆபரேஷன் ஆனதுலேர்ந்து சின்ன எழுத்து தெரியல. கேபிள் இருந்தப்போ ரெண்டு ரிமோட், எதையோ அமுக்கி டிவி வேற சோர்ஸுக்கு போயிரும், திரை நீலமா நிக்கும், அப்புறம் பக்கத்து வீட்டு பையன் பள்ளிக்கூடம் விட்டு வர்ற வரைக்கும் டிவி கிடையாது. இதைப் போன்ல கேக்குறப்ப மனசு கஷ்டமா இருக்கு. அதான் டிவிக்குள்ளயே சேனலைப் பிடிக்கிற ட்யூனர் இருந்து, டிஷ் ஒயரை நேரா டிவில சொருகி, ஒரே ரிமோட்ல முடியணும்னு பாக்குறேன்.

கடையில கேட்டா "எல்லா டிவிலயும் டிஜிட்டல் ட்யூனர் இருக்கு சார்"ங்கிறாரு. அட்டைப்பெட்டில டிவிபி-டி2ன்னு போட்டிருந்துச்சு. அது இருந்தா ஃப்ரீ டிஷ் வந்துருமா? இன்னொன்னு, சிங்கப்பூர்ல இருக்குற மச்சான் அடுத்த மாசம் வர்றாரு, அங்க இலவச டிஜிட்டல் சேனல் எல்லாம் நேரா டிவிலயே வருது, நான் ஒண்ணு கொண்டு வரவான்னு கேக்குறாரு. வாங்கலாமா? 32 இன்ச் போதும், 15,000க்குள்ள.


நெல்லைப்பையன்:

ப்ரோ இவ்ளோ யோசிக்க வேண்டியதே இல்ல. ஏதாவது ஒரு 32 இன்ச் எடுங்க, ஃப்ரீ டிஷ் பாக்ஸ் தனியா வாங்கி மாட்டுங்க, ஆயிரம் ஆயிரத்து ஐநூறுக்குள்ள பாக்ஸ் முடிஞ்சுரும். பாக்ஸ் போனா பாக்ஸை மட்டும் மாத்திக்கலாம். ட்யூனர் ட்யூனர்னு தேடிப் போனீங்கன்னா டிவி சாய்ஸே குறைஞ்சுரும். எங்க வீட்டுல அப்படித்தான் ஓடுது, ஒரு தொல்லையும் இல்ல.


கரிசல்மண்:

தம்பி சொல்றது நியாயம்தான், ஆனா உங்க வீட்டுல ரெண்டு ரிமோட்டையும் பாக்க ஆள் இருக்கீங்க. எங்க அம்மாவுக்கு யாரும் இல்ல. ஒரு ரிமோட், ஆன் பண்ணா சேனல், இதுதான் எனக்கு முக்கியம், மத்த எதுலயும் விட்டுக்குடுக்கத் தயார்.


குடைமெக்கானிக்:

அண்ணே, நான் தேனி பக்கம் 18 வருசமா டிஷ் கட்டுற வேலைதான் பாக்குறேன், இந்த ஒரு விஷயத்துல ஏமாந்து வர்றவங்களை வாரத்துக்கு ரெண்டு பேரையாவது பாக்குறேன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன் பொறுத்துக்கோங்க.

முதல்ல அந்த எழுத்து விவகாரம். டிவிபி-டி, டிவிபி-டி2ன்னா தரைவழி ஒளிபரப்பு, அதாவது டவர்லேர்ந்து காத்துல வர்றதை ஆன்டெனா வச்சு பிடிக்கிறது. டிவிபி-சின்னா கேபிள். டிவிபி-எஸ், டிவிபி-எஸ்2ன்னா சேட்டலைட், டிஷ், அதான் குடை வச்சு பிடிக்கிறது. டிடி ஃப்ரீ டிஷ் சேட்டலைட்ல வருது. அப்ப உங்களுக்கு வேண்டியது எஸ்2. கடைக்காரர் பொய் சொல்லல, டிஜிட்டல் ட்யூனர் இருக்கத்தான் செய்யுது, ஆனா அது டி2 மட்டும்னா உங்க அம்மா வீட்டுல அது சும்மா கிடக்கும். எஸ்2 இருந்தா பழைய எஸ் முறையில வர்ற சேனலும் வரும், எஸ்2ல எம்பெக்4ங்கிற புது முறையில சுருக்கி அனுப்புற சேனலும் வரும். பழைய விலை கம்மி எம்பெக்2 பாக்ஸ் வச்சிருக்கவங்களுக்கு இந்த ரெண்டாவது வகை வராது, பாதி சேனலை காணோம்னு என்கிட்ட வர்றது பூரா அந்த பாக்ஸ்தான்.

கடையில எப்படி பாக்குறதுன்னா, டிவியை திருப்பி பின்னாடி பாருங்க. சாதாரண ஆன்டெனா ஓட்டை வழவழன்னு இருக்கும், சும்மா தள்ளி சொருகுறது. சேட்டலைட் ஓட்டைக்கு வெளிப்பக்கம் மரை இருக்கும், ஒயரை வச்சு திருகி முடுக்குற மாதிரி, செட்டாப் பாக்ஸ் பின்னாடி பாத்திருப்பீங்களே அதேதான். பக்கத்துல சேட்டலைட்னோ எல்என்பின்னோ எழுதியிருக்கும், 13வி/18வின்னு வோல்ட்டும் போட்டிருப்பாங்க, ஏன்னா குடைக்கு முன்னாடி நீட்டிட்டு நின்னு சிக்னலைப் பிடிக்கிற எல்என்பிக்கு கரண்டு டிவிதான் அனுப்பணும். அந்த 13, 18 எழுத்தைப் பாத்துட்டா பாதி கவலை விட்டுச்சு.

மீதி பாதிக்கு கடைக்காரர்கிட்ட ரிமோட்டை வாங்கி செட்டிங்ஸ்ல சேனல் தேடுற இடத்துக்கு போங்க. ஆன்டெனா, கேபிள், சேட்டலைட்னு மூணு காட்டணும். ரெண்டுதான் காட்டுதுன்னா நாடு இந்தியான்னு செட் ஆயிருக்கான்னு பாருங்க, சில டிவில வேற நாடு போட்டிருந்தா சேட்டலைட்டை மறைச்சு வச்சிருக்கும். இந்தியா போட்டும் காட்டலைன்னா அந்த டிவி வேணாம், அடுத்தது பாருங்க.

எந்த கம்பெனின்னு கேக்காதீங்க. எல்ஜி, சாம்சங், சோனி மூணுலயும் இருக்குற மாடலும் உண்டு இல்லாத மாடலும் உண்டு, ஒரே சீரிஸ்ல 32 இன்ச்சுல ஒண்ணும் 43 இன்ச்சுல ஒண்ணுமாவும் இருக்கும். கம்பெனியைப் பாத்து வாங்காதீங்க, ஓட்டையைப் பாத்து வாங்குங்க.

இதுக்குன்னே 2022ல பிஐஎஸ், அதான் இந்திய தர நிர்ணய அமைப்பு, ஒரு தரம் போட்டாங்க, ஐஎஸ் 18112ன்னு நம்பர், சேட்டலைட் ட்யூனர் உள்ளயே வச்ச டிவிக்கானது. அதோட நோக்கமே நீங்க கேக்குற விஷயம்தான், மாடில ஒரு குடை எல்என்பி, நேரா டிவி, இலவச சேனல். அதுக்காக இப்ப வர்ற டிவி எல்லாத்துலயும் இருக்கும்னு நம்பி எடுத்துராதீங்க, கண்ணால பாத்து எடுங்க.

மாடில பழைய குடை ஏதும் கிடக்கா? இருந்தா எந்த கம்பெனின்னு சொல்லுங்க.


கரிசல்மண்:

அண்ணாச்சி ரொம்ப நன்றி, இப்படி யாரும் எனக்கு விளக்கி சொன்னதே இல்ல. மாடில சன் டைரக்ட் குடை ஒண்ணு இருக்கு, அப்பா இருந்தப்ப போட்டது, ரீசார்ஜ் பண்ணி ஆறேழு வருசம் ஆச்சு.


குடைமெக்கானிக்:

அப்ப உங்களுக்கு வேலை பாதி முடிஞ்ச மாதிரி. ஃப்ரீ டிஷ் வர்றது ஜிசாட்-15ங்கிற சேட்டலைட்ல, அது வானத்துல நிக்கிற இடம் கிழக்கு 93.5 டிகிரி. சன் டைரக்ட்டும் அதே 93.5லதான் இருக்கு. குடை அசையாம இருந்திருந்தா திருப்பவே வேண்டாம், ஒயரை டிவில திருகிட்டு தேடுனா சேனல் வந்துரும், நம்ம ஜில்லாக்கள்ல நிறைய வீட்டுல இப்படித்தான் ஓடுது. டாடா ப்ளே குடைன்னா 83 டிகிரி, ஏர்டெல்னா 108.2, அதையெல்லாம் கழட்டி எறிய வேணாம், குடை ஒண்ணுதான், திசையை மட்டும் திருப்பணும்.

ஆனா ஏழு வருச வெயில்ல எல்என்பி மூஞ்சில இருக்குற பிளாஸ்டிக் மூடி வெடிச்சு தண்ணி போயிருக்கும், ஒயர் நுனி பச்சை பூத்திருக்கும். எல்என்பி புதுசா மாத்திருங்க, 300 ரூபாய்க்குள்ள முடிஞ்சுரும். ஒயரும் நல்ல செம்பு ஆர்ஜி6ஆ பாத்து ஒரே நீளமா போடுங்க, நடுவுல ஒட்டு போடாதீங்க.


சிராங்கூன்வாசி:

மச்சான் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்றேன், நான் இருக்குறது சிங்கப்பூர்ல. இங்க இலவச டிவி டிவிபி-டி2ல வருது, 2018 டிசம்பர் 31ஓட பழைய அனலாக்கை நிறுத்திட்டாங்க. இங்க கடையில டிவிபி-டி2 இருக்கான்னு மட்டும் பாத்தா போதும், ஜன்னல் ஓரமா சின்ன இண்டோர் ஆன்டெனா வச்சா வசந்தம், சேனல் 5, சுரியா எல்லாம் பளிச்சுன்னு வரும், மாசக் கட்டணம் கிடையாது. மச்சான் பாத்தது அதைத்தான், அவர் சொல்றதுல தப்பில்ல.

ஆனா அந்த டிவியை அப்படியே கோவில்பட்டிக்கு கொண்டு போனா பிடிக்கிறதுக்கு அங்க டவர் இல்ல. இங்க விக்கிற டிவி பலதுல சேட்டலைட் ட்யூனரே இருக்காது, தேவையும் இல்ல. நான் ஊருக்கு ஒண்ணு கொண்டு போய் கஸ்டம்ஸ்ல வரியும் கட்டி, கடைசில பாக்ஸ் போட்டுத்தான் பாக்குறாங்க. வாரண்டியும் அங்க செல்லாது. மச்சான்கிட்ட டிவிக்கு பதிலா காசா குடுக்க சொல்லுங்க.


பழையஆன்டெனா:

தரைவழி டவர்னு பேச்சு வந்ததால ரெண்டு வார்த்தை. நான் தூத்துக்குடி, இப்ப ரிட்டயர்டு. எங்க காலத்துல மாடில அலுமினிய ஆன்டெனாவை கொடைக்கானல் பக்கம் திருப்புனா நம்ம தூர்தர்ஷன், கொழும்பு பக்கம் திருப்புனா ரூபவாஹினி, சில ராத்திரி இலங்கை ரூபவாஹினி உள்ளூர் டிவி மாதிரி தெளிவா வரும், தெருவே எங்க வீட்டுல உக்காந்திருக்கும். அதுக்கு மாசக் காசுன்னு ஒண்ணு கிடையாது. காத்துல வர்றது எல்லாருக்கும் பொதுங்கிற எண்ணத்துலயே வளர்ந்தவங்க நாங்க.

அந்த அனலாக் டவரையெல்லாம் தூர்தர்ஷன் படிப்படியா நிறுத்தி 2022 மார்ச்சோட முடிச்சுட்டாங்க, எல்லைப் பக்கம் மாதிரி முக்கியமான சில இடத்துல மட்டும் விட்டு வச்சாங்க. நடுவுல 2016ல சென்னை உட்பட 16 ஊர்ல டிவிபி-டி2ல ஆரம்பிச்சாங்க, அப்ப நான் ஆசையா டி2 டிவி வாங்குனேன், தென்மாவட்டத்துக்கு அது வரவே இல்ல. அதனால தம்பி, டி2ங்கிற எழுத்தை நம்பி காசைப் போடாதீங்க, நம்ம ஊருக்கு இப்ப இலவசம்னா அது குடை வழிதான். 2004 டிசம்பர்ல டிடி டைரக்ட் ப்ளஸ்னு 33 சேனலோட ஆரம்பிச்சது, அன்னைக்கு வாங்கி வச்ச குடை இன்னைக்கும் என் மாடில நிக்குது. நாடு முழுக்க 4 கோடி வீட்டுக்கு மேல இதைத்தான் பாக்குறாங்க, இதை ஏழை வீட்டு டிவின்னு யாராவது சொன்னா எனக்கு கோபம் வரும், அரசாங்கம் ஜனங்களுக்கு செஞ்சு குடுத்த நல்ல காரியத்துல இது ஒண்ணு.


மாடித்தோட்டம்:

அக்காவா நினைச்சு சொல்றேன், ஆன்லைன்ல வாங்குறதா இருந்தா கவனமா இருங்க. போன வருசம் எங்க அப்பாவுக்கு இதே மாதிரிதான் தேடுனேன், அவருக்கு பக்கவாதம் வந்து வலது கை சரியா வராது, ஒத்தக் கையில ஒரு ரிமோட்தான் முடியும். வெப்சைட்ல "இலவச சேனல்கள் 100க்கு மேல"ன்னு பெருசா போட்டிருந்துச்சு, ஆகா இதுதான்னு ஆர்டர் போட்டேன். வந்து பாத்தா அது இன்டர்நெட்ல ஓடுற சேனல். சாம்சங் டிவி ப்ளஸ், எல்ஜி சேனல்ஸ்னு வருதுல்ல அந்த வகை. அதுவும் இலவசம்தான், தப்பு சொல்லல, ஆனா வீட்டுல நெட் வேணும். அப்பா இருக்குற ஊர்ல போன் சிக்னலே மாடிக்கு போனாத்தான். இலவசம்னு போட்டிருந்தா எது வழியா இலவசம்னு கேளுங்க.

ரெண்டாவது, அந்த பக்கத்துல கீழ போட்டிருக்குற ட்யூனர் விவரத்தை அப்படியே நம்பாதீங்க. ஒரு மாடலோட விவரத்தை இன்னொண்ணுல ஒட்டி வச்சிருப்பாங்க. மாடல் நம்பரை கடைசி எழுத்து வரைக்கும் எடுத்து, கம்பெனி வெப்சைட்ல அந்த நம்பருக்கான யூசர் மேனுவலை இறக்கி, பின்பக்க படத்துல சேட்டலைட் சாக்கெட் வரைஞ்சிருக்கான்னு பாருங்க. கடைசில ரெண்டு எழுத்து மாறுனா உள்ள போர்டே வேறயா இருக்கலாம். நான் மேனுவலைப் பாத்துதான் ரெண்டாவது டிவி எடுத்தேன், முதல் டிவியை திருப்பி அனுப்ப பட்ட பாடு சொல்லி மாளாது.

மூணாவது இதுதான் எனக்கு ரொம்ப லேட்டா புரிஞ்சது. ஸ்மார்ட் டிவியை ஆன் பண்ணா நேரா சேனல் வராது, ஆப் எல்லாம் வரிசையா இருக்குற முதல் பக்கம் வந்து நிக்கும். வயசானவங்க அங்கயே திணறிப் போயிருவாங்க. கூகுள் டிவி வகைல செட்டிங்ஸ்ல ஆன் பண்ணும்போது கடைசியா பாத்த இன்புட்டுக்கே போன்னு மாத்துற வசதி பல மாடல்ல இருக்கு, கடையிலயே அதைப் போட்டு ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணி பாருங்க. முடியலைன்னா ஸ்மார்ட் இல்லாத சாதா எல்இடி டிவில எஸ்2 இருக்குற மாதிரி தேடுங்க, உங்க அம்மாவுக்கு அதுதான் சுகம். எங்க அப்பா இப்ப இடது கையால ஆன் பண்றார், அஞ்சாறு நொடில நியூஸ் ஓடுது.


வெள்ளலூர்சிவா:

நடுவுல ஒரு சந்தேகம். எங்க டிவில டிவிபி-சி இருக்கு. அப்ப அரசு கேபிள் ஒயரை பாக்ஸ் இல்லாம நேரா டிவில சொருகலாமா? நான் சொருகி தேடுனதுக்கு பேர் எல்லாம் வருது, படம் வரல.


குடைமெக்கானிக்:

வராது தம்பி. கேபிள்ல வர்றது பூட்டு போட்டு வருது, அந்த பூட்டுக்கு சாவி உங்க பேர்ல இருக்குற செட்டாப் பாக்ஸ்லயும் கார்டுலயும்தான். ட்யூனர் சேனலைக் கண்டுபிடிக்கும், திறக்கத் தெரியாது. சன் டைரக்ட், டாடா ப்ளே எல்லாத்துக்கும் இதே கதைதான். கரிசல்மண் அண்ணே உங்களுக்கும் சேத்து சொல்றேன், 93.5ல தேடும்போது சன் டைரக்ட் சேனல் பேரும் நூத்துக்கணக்குல வந்து விழும், படம் வராது, டிவி கெட்டுப் போச்சுன்னு பயந்துராதீங்க. தேடுறதுக்கு முன்னாடி இலவச சேனல் மட்டும்னு ஒரு ஆப்ஷன் இருக்கும், அதை டிக் பண்ணிட்டு தேடுனா அந்த குப்பை வராது.


நெல்லைப்பையன்:

அண்ணே நான் முதல்ல பாக்ஸ்னு சொன்னதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு, அதை சொல்லாம விட்டுட்டேன். இடி. மாடில இரும்புக் குடை, அதுலேர்ந்து ஒயர் நேரா டிவிக்குள்ள. எங்க சித்தப்பா வீட்டுல ஐப்பசி மழைல இடி விழுந்து பாக்ஸ் போச்சு, டிவி தப்பிச்சுச்சு. ட்யூனர் உள்ள இருந்திருந்தா டிவியோட மெயின் போர்டே போயிருக்கும்ல? இதுக்கு என்ன வழி?


குடைமெக்கானிக்:

நல்ல கேள்வி, இதை நானே சொல்லியிருக்கணும். தம்பி சொல்றது உண்மை. இன்பில்ட் ட்யூனரோட ஒரே பெரிய குறை இதுதான், மெயின் போர்டு போனா 32 இன்ச்சுக்கே மூவாயிரம் நாலாயிரம் கேப்பாங்க, பாக்ஸ்னா ஆயிரத்தோட போயிரும். பாக்ஸ் வழியாவும் எச்டிஎம்ஐல ஏறி டிவி போனதை நான் பாத்திருக்கேன், ஆனா அது குறைவு.

குடை நிக்கிற கம்பியை எர்த் பண்ணுங்க, தடிச்ச ஒயர்ல தரைக்கு இறக்கி கம்பி அடிச்சு விடணும். ஒயர் வீட்டுக்குள்ள வர்ற இடத்துல கோஆக்ஸ் சர்ஜ் அரெஸ்டர்னு, ஒயர் வழியா திடீர்னு ஏறி வர்ற கரண்டைத் தடுக்குற ஒரு சின்ன சாமான் போடலாம், வாங்கும்போது கரண்டு பாஸ் ஆகுற வகையான்னு கேட்டு வாங்குங்க, இல்லைன்னா எல்என்பிக்கு 13 வோல்ட் போகாது. இதெல்லாம் பண்ணுனாலும் மேகம் கூடுனதும், இடி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே டிவி பிளக்கையும் கழட்டி அந்த திருகுற ஒயரையும் கழட்டிரணும், இடிக்கும்போது அதைத் தொடக்கூடாது, அதைவிட நல்ல பாதுகாப்பு கிடையாது. வயசானவங்களுக்கு திருகி கழட்டுறது கஷ்டம்னா தள்ளி சொருகுற மாதிரி எஃப் கனெக்டர் விக்குது, அதை டிவி பக்கம் போட்டு விடுங்க, இழுத்தா வந்துரும்.

இன்னொண்ணு, சன் டைரக்ட் பாக்ஸையும் டிவியையும் ஒரே எல்என்பிலேர்ந்து சாதா ஸ்ப்ளிட்டர் போட்டு பிரிக்காதீங்க. ரெண்டும் ஒரே நேரத்துல கரண்டு அனுப்பும், ஒண்ணு 13 ஒண்ணு 18னு அனுப்பி அடிச்சுக்கும். ரெண்டு டிவின்னா ரெண்டு வாய் வச்ச எல்என்பி வாங்கி தனித்தனி ஒயர் போடுங்க.

32 இன்ச்சுன்னு நீங்க முடிவு பண்ணது ரொம்ப சரி. ஃப்ரீ டிஷ்ல பெரும்பாலும் எஸ்டி, அதான் எச்டி அளவுக்கு தெளிவில்லாத படம்தான், 50 இன்ச்சுல போட்டா மூஞ்செல்லாம் மழுங்கித் தெரியும், டிவி சரியில்லைன்னு கம்பெனியைத் திட்டுவாங்க. இதுக்கு 32 அளவு.


மாடித்தோட்டம்:

சேனலைப் பத்தி யாரும் சொல்லல. ஃப்ரீ டிஷ்ல பெரும்பாலும் இந்தி சேனல்தான், தமிழ்ல தனியார் சேனல் ரொம்பக் கம்மி. அம்மாவுக்கு டிடி தமிழ் போதும்னு சொல்லிட்டீங்க, அப்ப சரி. சீரியல் பாக்குறவங்க வீட்டுல கேபிளை நிறுத்திட்டு இதைப் போட்டா ரெண்டாம் நாளே சண்டை வரும். பள்ளிக்கூடம் போற பிள்ளைங்க இருந்தா பிஎம் இ-வித்யா சேனல் உண்டு. ஆகாசவாணி ரேடியோ சேனலும் வரும், எங்க அப்பா மத்தியானம் டிவியை ரேடியோவாத்தான் வச்சிருக்கார்.


கரிசல்மண்:

எல்லாருக்கும் வணக்கம், மூணு வாரம் கழிச்சு வர்றேன், வேலையை முடிச்சுட்டுத்தான் எழுதணும்னு இருந்தேன்.

மச்சான்கிட்ட சொல்லிட்டேன், அவர் டிவிக்கு பதிலா காசாவே அனுப்பிட்டார், சிராங்கூன்வாசி அண்ணனுக்கு நன்றி. திருப்பூர்ல மூணு கடை ஏறி இறங்குனேன். முதல் கடையில டிவியை திருப்பிப் பாக்கணும்னு சொன்னதுக்கு பெட்டியைப் பிரிக்க முடியாதுன்னுட்டாங்க, ஷோவுக்கு வச்சிருக்குறதை காட்டுங்கன்னா அதுவும் செவத்துல மாட்டியிருக்குன்னாங்க. வெளிய வந்துட்டேன். ரெண்டாவது கடையில பையன் பொறுமையா ஆறு டிவியை திருப்பிக் காட்டுனான், நாலுல வெறும் சொருகுற ஓட்டைதான். அஞ்சாவதுல மரை போட்ட ஓட்டை, பக்கத்துலயே 13வி/18வி. ஆனா அது 43 இன்ச். மூணாவது கடையில 32 இன்ச்சுல கிடைச்சது, சாதா எல்இடி, ஸ்மார்ட் இல்ல, செட்டிங்ஸ்ல சேட்டலைட் காட்டுச்சு, 10,800 ரூபாய். மேனுவலையும் இறக்கிப் பாத்துட்டுத்தான் பணம் கட்டுனேன்.

ஊருக்கு கொண்டு போய் மாட்டுனதுல ஒரு நாள் பூரா போச்சு. புது எல்என்பி போட்டு, ஒயர் மாத்தி, டிவில தேடுனா சேட்டலைட் லிஸ்ட்ல ஜிசாட்-15 பேரே இல்ல. வேற ஏதேதோ வெளிநாட்டு சேட்டலைட் பேரா இருக்கு. சிக்னல் 80 காட்டுது, குவாலிட்டி சைபர். யூடியூப்ல டெல்லிக்காரர் ஒருத்தர் வீடியோ பாத்து அதே மாதிரி குடையை சாய்ச்சேன், இருந்ததும் போச்சுன்னு ஆயிருச்சு. குடைமெக்கானிக் அண்ணாச்சிக்கு தனியா மெசேஜ் போட்டேன், அவர் சொன்னதை அவரே இங்க எழுதுனா மத்தவங்களுக்கும் உதவும்.


குடைமெக்கானிக்:

எழுதிரலாம். சிக்னல்ங்கிறது எல்என்பிக்கு கரண்டு போகுதுன்னு காட்டுறது, அது வானத்தைப் பாத்து எங்க வச்சாலும் ஏறும். குவாலிட்டிதான் சரியான சேட்டலைட் மாட்டியிருக்கான்னு சொல்றது. குவாலிட்டியை மட்டும் பாருங்க.

சேட்டலைட் பேர் லிஸ்ட்ல இல்லைன்னா கவலை இல்ல, காலியா இருக்குற ஒண்ணை எடுத்து எல்என்பி 9750/10600, எல்என்பி பவர் ஆன், டைசெக் ஆஃப், 22 கிலோஹெர்ட்ஸ் ஆஃப். அப்புறம் ட்ரான்ஸ்பாண்டரை, அதான் சேட்டலைட்லேர்ந்து சேனலெல்லாம் கூட்டமா வர்ற அலைவரிசையை, கையால அடிச்சு சேக்கணும், 11090 வி 29500, 11170 வி 29500, 11470 வி 29500 இப்படி. செட்டாப் பாக்ஸ் மாதிரி எல்லாத்தையும் தானா தேடுற ப்ளைண்ட் ஸ்கேன் நிறைய டிவில இருக்காது, அதனால ஒண்ணு கிடைச்சதும் நெட்வொர்க் தேடல்னு இருந்தா அதைப் போடுங்க, மத்ததை அதுவே இழுத்துக்கும். இல்லைன்னா ஒவ்வொண்ணா அடிக்கணும், பத்து நிமிச வேலை.

டெல்லி வீடியோ பாத்து குடை கட்டாதீங்க, இதை எத்தனை பேருக்கு சொல்லிட்டேன். டெல்லிக்கு இந்த சேட்டலைட் 52 டிகிரி உயரத்துல தெரியும், கோவில்பட்டிக்கு 68க்கு மேல, கிட்டத்தட்ட தலைக்கு மேல கொஞ்சம் சரிஞ்சாப்ல. திசையும் அவங்களுக்கு தெற்கை ஒட்டி, நமக்கு கிழக்குலேர்ந்து 30 டிகிரி தெற்கால. எல்என்பியையும் அதோட பிடிக்குள்ள நல்லா திருப்பி வைக்கணும், வடக்கை விட நம்ம பக்கம் அந்த சாய்வு அதிகம், நேரா வச்சா பாதி சேனல் உடைஞ்சு உடைஞ்சு வரும். ஒருத்தர் கீழ டிவில குவாலிட்டி எத்தனைன்னு சத்தம் போட, ஒருத்தர் மேல ஒரு விரல் அளவு அசைச்சுட்டு அஞ்சு நொடி பொறுக்கணும், டிவி மெதுவாத்தான் காட்டும். அவசரப்பட்டா தாண்டிப் போயிருவீங்க.

நல்ல விஷயம் என்னன்னா இவ்ளோ உயரத்துல இருக்குறதால வேப்பமரம், எதிர்வீட்டு மாடி எல்லாம் நம்ம பக்கம் அவ்வளவா மறைக்காது.


கரிசல்மண்:

அதேதான் பண்ணோம். பக்கத்து வீட்டு பையன் மாடில, நான் கீழ. முதல்ல 11090ல குவாலிட்டி 30க்கு வந்துச்சு, எல்என்பியை திருப்புனதும் 70க்கு ஏறிருச்சு. மொத்தம் 150 சேனலுக்கு மேல விழுந்துச்சு, இலவசம் மட்டும்னு டிக் பண்ணிட்டேன். கம்பியை எர்த் பண்ணியாச்சு, இழுத்தா வர்ற கனெக்டரும் போட்டாச்சு, இடி வர்றதுக்கு முன்னாடி எப்படி உருவணும்னு அம்மாவுக்கு நாலு தடவை பண்ணிக் காட்டுனேன், அஞ்சாவது தடவை அவங்களே பண்ணிட்டாங்க.

ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. டிடி தமிழ் 87வது நம்பர்ல போய் உக்காந்திருக்கு. அம்மாவுக்கு 87 அடிக்கிறது கஷ்டம், எட்டு அடிச்சு ஏழு அடிக்கிறதுக்குள்ள டிவி எட்டுக்கு போயிருது. மாத்த முடியுமா?


மாடித்தோட்டம்:

முடியும். சேனல் லிஸ்ட்ல எடிட் இல்லைன்னா சார்ட்னு இருக்கும், அதுல மூவ் போட்டு 1க்கு கொண்டு வாங்க. மாத்துனதுக்கு அப்புறம் தானா அப்டேட் ஆகுற ஆப்ஷனை ஆஃப் பண்ணிருங்க, இல்லைன்னா ராத்திரில அதுவே பழைய வரிசைக்கு போயிரும், எங்க வீட்டுல ரெண்டு தடவை போயிருக்கு. புது சேனல் வேணும்னா நீங்க ஊருக்குப் போறப்ப தேடிக்கலாம். அம்மா பாக்குற அஞ்சாறு சேனலை மட்டும் 1லேர்ந்து வரிசையா வச்சுட்டு மத்ததை டெலிட் பண்ணிட்டா மேல கீழ பட்டன் மட்டும் போதும்.


கரிசல்மண்:

அக்கா சொன்ன மாதிரியே பண்ணிட்டேன், ஆட்டோ அப்டேட்டும் ஆஃப். ஒண்ணுல டிடி தமிழ், ரெண்டுல டிடி நியூஸ், மூணுல ரேடியோ. ரிமோட்ல பவர் பட்டனுக்கும் ஒண்ணாம் நம்பருக்கும் சிவப்பு நெயில் பாலிஷ் ஒரு பொட்டு வச்சு விட்டேன். நேத்து சாயங்காலம் ஏழு மணிக்கு போன் பண்ணா, நியூஸ் ஓடுதுடா அப்புறமா கூப்பிடுன்னு வச்சுட்டாங்க.